கேமனின் சிபிஎல்ஏ2 கிட்: எந்த வேலைக்கு வாங்கலாம்?

அழற்சி என்றதும் காக்ஸ்-2, 5-லாக்ஸ் என்ற இரண்டு நொதிகள்தான் முதலில் பேச்சுக்கு வரும். இரண்டுக்கும் மூலப்பொருள் அராக்கிடோனிக் அமிலம். அது செல்லுக்குள் சும்மா கிடைத்துவிடாது. சவ்வின் பாஸ்போலிப்பிடில், கிளிசராலின் இரண்டாவது இடத்தில் பிணைந்து கிடக்கும். அதை வெட்டி விடுவிக்கும் முக்கிய நொதி சைட்டோசாலிக் பாஸ்போலிப்பேஸ் ஏ2, சுருக்கமாக சிபிஎல்ஏ2. கேமன் கெமிக்கல் விற்கும் 96 வெல் கிட் இதன் வேகத்தை அளப்பதற்கானது. கதிரியக்கச் சப்ஸ்ட்ரேட்டும் வேண்டாம், அதற்கான அனுமதியும் வேண்டாம். சாதாரண பிளேட் ரீடர் போதும்.

சப்ஸ்ட்ரேட்டின் (நொதி வெட்டும் பொருளின்) பெயர் அராக்கிடோனாயில் தையோ-பிசி. பிசி என்பது பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிட். இயற்கைச் சப்ஸ்ட்ரேட்டில் இரண்டாவது இடத்தில் ஆக்சிஜன் எஸ்டர் இருக்கும், இதில் தையோஎஸ்டர். நொதி வெட்டியதும் ஒரு தயால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) வெளிப்படும். அது டிடிஎன்பி என்ற நிறம் காட்டும் பொருளோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். 414 நானோமீட்டரில் படிக்க வேண்டும், 405 ஃபில்டர் மட்டுமே இருந்தாலும் ஒப்பேற்றலாம்.

செய்முறை எளிது. எத்தனாலில் வரும் சப்ஸ்ட்ரேட்டை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, பஃபரில் கலங்கல் போய்த் தெளியும்வரை வோர்டெக்ஸ் செய்யுங்கள். அராக்கிடோனேட்டில் நான்கு இரட்டைப் பிணைப்புகள் உண்டு, காற்றுப் பட்டால் கெடும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லையென்று காற்றில் உலர்த்துவது பொய்ச் சிக்கனம். வெல்லுக்கு 10 மைக்ரோலிட்டர் சாம்பிள், 200 மைக்ரோலிட்டர் சப்ஸ்ட்ரேட். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். பிறகு 10 மைக்ரோலிட்டர் டிடிஎன்பி-ஈஜிடிஏ கலவை. அதிலுள்ள ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடித்து வினையை நிறுத்தும், டிடிஎன்பி நிறம் காட்டும். ஐந்து நிமிடம் கழித்துப் படிக்கலாம்.

கணக்கில் 13.6-ஐ அப்படியே போடக்கூடாது. அது மஞ்சள் நிறப்பொருள் ஒரு மில்லிமோலாருக்கு எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று சொல்லும், ஒரு சென்டிமீட்டர் குவெட்டுக்கான எண். பிளேட்டில் திரவத்தின் உயரம் குறைவு என்பதால் ஒரு மில்லிமோலாருக்கு 10.66 என்று திருத்திய எண்ணைப் போட வேண்டும். பிளாங்க் கழித்தபின் ஒரு மணி நேரத்தில் 0.3 ஏறியிருந்தால், 0.3-ஐ 60-ஆலும் 10.66-ஆலும் வகுத்து 22-ஆல் (220-ஐ 10-ஆல் வகுத்தது) பெருக்குங்கள். மில்லிலிட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 நானோமோல் வரும்.

சொதப்பல் பெரும்பாலும் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில்தான் தொடங்கும். பஃபரில் 1 மில்லிமோலார் டிடிடி (தயால் உள்ள ஓர் ஒடுக்கி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 220 மைக்ரோலிட்டரில் அது 0.045 மில்லிமோலார் ஆகும். ஒரு டிடிடியில் இரண்டு தயால், அதாவது 0.09. நொதி ஒன்றும் செய்யாமலே அப்சார்பன்ஸ் கிட்டத்தட்ட 1 காட்டிவிடும்! பிளாங்க் கழித்தால் சரியாகிவிடும் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் 1-லிருந்து 0.05-ஐப் பிரித்தெடுப்பது வீண் வேலை. டிடிடி, மெர்காப்டோஎத்தனால் இரண்டையும் விலக்குங்கள். கால்சியத்தைப் பிடிக்கும் ஈடிடிஏவுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். 5 மில்லிமோலார் போட்டிருந்தாலும் வெல்லில் 0.25-க்குள்தான், கிட்டின் பஃபரில் 10 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. பாஸ்பட்டேஸ் தடுப்பிகளை மட்டும் மறக்க வேண்டாம். நொதியின் 505-ஆவது அமினோ அமிலமான செரினில் உள்ள பாஸ்பேட் போனால் நொதியின் வேகமும் குறையும்.

அடுத்தது கலப்படம். இதே சப்ஸ்ட்ரேட்டை, உறவு நொதிகளான எஸ்பிஎல்ஏ2-வும் (செல் வெளியே சுரப்பது) ஐபிஎல்ஏ2-வும் (கால்சியம் தேவைப்படாதது) வெட்டும். எஸ்பிஎல்ஏ2 சுமார் 14 கிலோடால்டன், சிபிஎல்ஏ2 85. எனவே 30 கிலோடால்டன் ஃபில்டரில் சுழற்றினால் சிறியது கீழே போகும், வேண்டியது மேலே நிற்கும், அதோடு சாம்பிளும் செறிவாகும். ஐபிஎல்ஏ2-வை அடக்க புரோமோஈனால் லாக்டோன் என்ற தடுப்பி 5 மைக்ரோமோலார், 15 நிமிடம் முன்கூட்டியே. அதையும் டிடிடி விழுங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

மூலிகைச் சாறுகளைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் 425 நானோமீட்டரை ஒட்டித்தான் அதிகம் உறிஞ்சும். சாறு மட்டும், சப்ஸ்ட்ரேட் இல்லாமல், டிடிஎன்பியோடு ஒரு வெல் வைக்காத பிளேட்டை நம்பவே கூடாது. சபோனின் (சோப்பு போல நுரைக்கும் தாவரப் பொருள்) நிறைந்த சாறு என்றால், சப்ஸ்ட்ரேட்டைத் தாங்கி நிற்கும் மிசெல்லையே (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் திரண்ட நுண்துளி) கலைக்கும். அது நொதியைத் தடுத்ததாகக் கணக்கில் வந்து நிற்கும்.

இனி பெரிய குறை. சிபிஎல்ஏ2 எப்போது வேலை செய்யும் என்பதைச் செல்லில் முடிவு செய்வது சவ்வுதான். கால்சியம் 1 மைக்ரோமோலார் அளவுக்கு ஏறியதும் நொதியின் சி2 பகுதி கோல்கி, உட்கரு உறை போன்ற பாஸ்பாட்டிடைல்கோலின் நிறைந்த சவ்வுகளில் போய் ஒட்டும். செராமைடு-1-பாஸ்பேட் என்ற லிப்பிட் இருந்தால் அங்கேயே கூடுதல் நேரம் தங்கும். பிஐபி2 என்ற இன்னொரு சவ்வு லிப்பிட் வினைப்பகுதியைப் பிடித்து வேகத்தைப் பல மடங்கு கூட்டும். கிட்டில் இதில் எதுவும் இல்லை. சவ்வுக்குப் பதில் 4 மில்லிமோலார் ட்ரைட்டன் எக்ஸ்-100 டிடர்ஜென்ட் மிசெல், செல்லில் உள்ளதைப்போல் பத்தாயிரம் மடங்கு கால்சியம், போதாததற்கு வேகத்தைக் கூட்ட 30% கிளிசரால். உங்கள் மருந்து நொதியைச் சவ்வுக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்றால் கிட் அதைக் காட்டாது. மாறாக, கொழுப்பில் கரையும் எந்தப் பொருளும் மிசெல்லுக்குள் புகுந்துகொள்ளும். அதன் திறனை மைக்ரோமோலாரில் சொல்வதில் அர்த்தமில்லை, மிசெல்லில் அதன் மோல் பங்கைச் சொல்ல வேண்டும். சப்ஸ்ட்ரேட் 1.5, ட்ரைட்டன் 4, ஆக மொத்தம் 5.5 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோமோலார் தடுப்பி என்பது 0.0018. சான் டியாகோவில் உயிர்வேதியியலாளர் எட்வர்ட் டென்னிஸின் குழு, மிசெல் பரப்பில் பொருள் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்க்கும் மேற்பரப்பு நீர்த்தல் கணக்கை வகுத்தது இதற்காகத்தான்.

சுத்திகரித்த நொதி கையில் இருக்கிறது, இருபது தடுப்பிகளை வரிசைப்படுத்த வேண்டும் என்றால் வாங்குங்கள், காசுக்குத் தகும். சாதாரண செல் லைசேட்டுக்கு உணர்திறன் போதாது. 0.02 அப்சார்பன்ஸ் காட்டவே 0.4 நானோமோல் உடைய வேண்டும்.

லிப்பிடின் பங்கைத்தான் பார்க்க வேண்டுமா? சப்ஸ்ட்ரேட்டை உலர்த்தும்போதே 1 மோல் சதவீதம் பிஐபி2 சேருங்கள், கால்சியத்துக்குப் பதில் ஈஜிடிஏ போட்ட பஃபரைச் சொந்தமாகத் தயாரியுங்கள். கால்சியம் இருந்தால் அது பிஐபி2-வைத் திரட்டிவிடும். கால்சியமே இல்லாமல் பிஐபி2 இந்த நொதியைத் தூண்டுவதை இப்படிப் பார்க்கலாம். இன்னும் ஒரு படி மேலே போக, போடிபை என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய பிசியை வைத்து லைபோசோம் (லிப்பிட் சவ்வாலான நுண்குமிழி) செய்யுங்கள், ஒளிர்வில் 515 நானோமீட்டருக்கும் 575-க்கும் உள்ள விகிதத்தைப் படியுங்கள். இந்த ஒளிர்வு வகைக் கிட்டில் வரும் டிஓபிஜி என்ற லிப்பிட் எதிர்மின்னூட்டம் கொண்டது, எஸ்பிஎல்ஏ2-வுக்குத்தான் அது தோது. சிபிஎல்ஏ2-வுக்கு அதை விட்டுவிட்டு டிஓபிசியை (ஒரு வகைப் பாஸ்பாட்டிடைல்கோலின்) மட்டும் அடித்தளமாக வைத்து, வேண்டிய லிப்பிடை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.