கேரல் இரவுக்கு எந்த ஒலி, எந்த பேட்டரி? டிஜிட்டல் அக்கார்டியன்: ஓர் ஒப்பீடு

டிசம்பர் பிறந்துவிட்டால் மூணாறு எஸ்டேட்டுகளில் கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது, தொடங்கிவிடும். லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறி இறங்கி, பனியில் நின்று பாடி, கட்டஞ்சாயா குடித்துவிட்டு அடுத்த டிவிஷனுக்கு நடக்க வேண்டும். இந்த நடைக்கு டிஜிட்டல் அக்கார்டியன் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். சவுண்டை எப்படி செட் பண்ணுவது? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? என்னைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் இரண்டாவதில் பாதி முடிந்த மாதிரி.

முதலில் மியூசெட் என்ற துடிக்கும் ஒலி. சாதா அக்கார்டியனில் ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று ரீடுகளை (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்குகள்) லேசாகப் பிசகவிட்டு சுருதி சேர்ப்பார்கள். ஒன்று 440 ஹெர்ட்ஸ், இன்னொன்று 443 என்றால் நொடிக்கு மூன்று முறை ஒலி அலைந்து துடிக்கும். பாரிஸ் தெருப் பாட்டின் வாசனை வருவது அந்தத் துடிப்பில்தான். ரோலண்ட் கம்பெனியின் டிஜிட்டல் வகையான வி-அக்கார்டியன்களில் இந்தப் பிசகை மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்: பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்காட்டிஷ் என்று பல அளவுகள், பிசகே இல்லாத டிரை ஒன்று. தனியாக வாசித்துக் கேட்டால் பிரெஞ்சுதான் மனதை அள்ளும். ஆனால் இருபது பேர் திறந்த வெளியில் பாடும்போது சுருதி பிடிக்க அவர்களுக்கு ஒரு நேர்க்கோடு வேண்டும். துடிக்கிற சுரத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று ஆல்டோ (கீழ்க்குரல்) பாடும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதனால் கேரலுக்கு டிரை, அதுவும் ஒரு ரீடு அல்லது இரண்டு ரீடு ரெஜிஸ்டர் (எத்தனை ரீடு ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்). எல்லா ரீடையும் திறந்துவிடும் மாஸ்டர் ரெஜிஸ்டரைக் கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதன் மதிப்பே தனி.

அடுத்து பெல்லோஸ், அதாவது இழுத்துத் தள்ளும் மடிப்புத் துருத்தி. அதன் அமைப்பில் உள்ள வழிகளில் மூன்றைச் சொல்கிறேன். பிக்ஸட் வைத்தால் எப்படி இழுத்தாலும் ஒரே சத்தம். கீபோர்டு வாசித்துப் பழகியவர்களுக்கு முதல் வாரம் இது சொர்க்கம். ஆனால் பெல்லோஸின் மூச்சு போய்விடுகிறது, பிறகு அக்கார்டியன் எதற்கு? ஹெவி வைத்தால் மெதுவிலிருந்து உரப்பு வரை அழகாக ஏறும். ஆனால் மேட்டு லயத்துக்கு ஏறி மூச்சு வாங்கும்போது இடது கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். லைட் வைத்தால் சின்ன இழுப்புக்கே ஒலி எழும். நடைக்கு லைட், மாதா கோயிலுக்குள் உட்கார்ந்து வாசிக்க ஹெவி என்பது என் தேர்வு.

ரிவெர்ப், அதாவது கருவியே சேர்க்கும் எதிரொலி, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல் கட்டடக் கோயிலுக்குள் சுவரே எதிரொலி தரும், அங்கே பூஜ்யம். வெளியில் கொஞ்சம். இதை ஏற்றினால் பேட்டரி தீரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ரிவெர்ப் உள்ளே சிப் போடும் வெறும் கணக்கு. சார்ஜைக் குடிப்பது ஸ்பீக்கர், அதிலும் இடது கைப் பக்கத்து பேஸ். சின்ன ஸ்பீக்கரில் கீழ் சுரங்களை உரக்க எழுப்ப ஆம்ப் நிறையக் கரண்டை இழுக்கிறது. பேஸ் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் திறந்த வெளியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பேட்டரிக்கு நன்றாகவே தெரியும். குழுவில் சார்ஜ் ஏற்றி ஓட்டும் சின்ன ஆம்ப் இருந்தால் இன்னும் நல்லது: லைன் அவுட்டில் வயர் கொடுத்துவிட்டு அக்கார்டியனின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிடலாம். புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். கட்டையை அழுத்திக் கொஞ்சம் தாமதித்தே ஒலி வருவதால் தாளம் குலைகிறது.

இனி பவர். 26 கட்டை, 72 பேஸ் பட்டன் உள்ள எஃப்ஆர்-1எக்ஸும் சரி, 37 கட்டை, 120 பேஸ் உள்ள எஃப்ஆர்-4எக்ஸும் சரி, பத்து டபுள்-ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களில் ஓடுபவை. ஒரு செல் 1.2 வோல்ட், பத்தும் சேர்ந்தால் 12. கடையில் கிடைக்கும் அல்கலைன் செல் 1.5 வோல்ட் என்பதால் அதுதான் பலமானது என்று தோன்றும். அதன் உள்தடை அதிகம். ஆம்ப் கேட்கும்போது வோல்ட் சரிந்துவிடும், வாங்கிய காசும் அன்றைக்கே தீரும். இந்தக் கருவிகளுக்குச் சொல்லியிருப்பதும் ரீசார்ஜ் செல்தான்.

செல்லுக்குப் பதில் பவர் பேங்க்கில் ஓட்டலாம் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2000 எம்ஏஎச் செல்கள் பத்தில் இருப்பது 24 வாட்-அவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 74, மாற்றத்தில் போவது போக அறுபதாவது மிஞ்சும். ஆனால் யுஎஸ்பி-பிடி (PD) என்ற சார்ஜ் முறையில் 5, 9, 15, 20 வோல்ட்டுகள் வழக்கமானவை. 12 வோல்ட் எல்லாப் பேங்க்கிலும் இல்லை, தருகிறதா என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். வயர் நுனியில் உள்ள பின்னின் நடு முனை பிளஸா மைனஸா என்பதையும் அக்கார்டியனில் போட்டிருக்கும் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் பழுதாகலாம். போதாக்குறைக்கு, ஜெபம் நடக்கும்போது வாசிக்காமல் நின்றால் கரண்ட் இழுப்பு குறைந்து சில பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். அடுத்த பாட்டின் முதல் வரியில்தான் அது தெரியவரும்.

ஜீப் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்கலாமே என்று டிரைவர் அண்ணன்கள் சொல்வார்கள். இஞ்சின் ஓடும்போது அதில் 14 வோல்ட் வரை ஏறும். கூடாது.

ஆகவே என் ஓட்டு இரண்டு செட் ரீசார்ஜ் செல்லுக்கு. பத்து செல்லின் எடை 300 கிராம்கூட வராது, அடுத்த செட்டை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அங்கே வைப்பதில் ஒரு பயனும் உண்டு: செண்டுவாரை, லட்சுமி பக்கம் உறைபனி விழும் இரவுகளில் குளிர்ந்த செல் முழுச் சக்தியைத் தராது, உடம்புச் சூட்டில் இருந்த செல் தரும். இன்னொன்று, இவ்வகை செல்லின் வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று திடீரென்று விழும். மீட்டரில் ஒரு கோடு குறைந்ததுமே அடுத்த வீட்டு வாசலில் செட்டை மாற்றிவிடுங்கள்.

இரண்டு செட்டையும் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் அ, ஆ என்று எழுதி வையுங்கள். பத்தில் ஒன்று கிழடாக இருந்தால் அது காலியான பிறகும் மற்ற ஒன்பதும் அதன் வழியே கரண்டைத் தள்ளி, அதன் முனைகளையே தலைகீழாக்கிவிடும். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்ப்பதாக இருக்கட்டும். நான்கு இடமுள்ள சார்ஜர் என்றால் பத்து செல்லுக்கு மூன்று தவணை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத மலையில் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

கோயிலுக்குள் இந்தப் பாடெல்லாம் இல்லை. அடாப்டர், மிக்ஸருக்கு ஒரு லைன், ஸ்பீக்கர் நிறுத்தம், அவ்வளவுதான். புத்தாண்டு ஆராதனை முடிந்து பெட்டியில் வைக்கும்போது செல்களைக் கழற்றிவிட்டு வையுங்கள். ஈஸ்டர் வரை உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடலாம்.