பழைய வார இதழ்களைக் கட்ட: தருமபுரி பைண்டிங் கடை எப்படி?

ஊர் வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டித் தர தருமபுரியில் ஆள் கிடைப்பது அரிது. அச்சகத்தை ஒட்டிய இந்தச் சின்னக் கடையில் தையல் அருமை. நூல் தளர்வதில்லை, விரித்து வைத்தால் பக்கம் படிந்து நிற்கிறது. ஆனால் எப்படி வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டால் கணக்கு நோட்டு மாதிரி கட்டிவிடுவார்கள்.

ஓரம் வெட்டக் கூடாது. இதை முதல் வரியாக எழுதுங்கள். கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் சமன் செய்வது அவர்கள் வழக்கம். மேல் ஓரத்தில் மலர் (தொகுதி), இதழ் எண்ணும் தேதியும் இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர். அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் போட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்திலிருந்தே வந்த கட்டாயம். எந்த அச்சகத்தில் ஓடியது, ஆசிரியர் எப்போது மாறினார் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி. பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் படிவம் 4 என்ற உரிமையாளர் அறிக்கையும் இருக்கும். ஏதாவது மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும், தேடிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றாக அவற்றை வரிசைப்படுத்தினால் பத்திரிகை கை மாறிய கதை தெரிந்துவிடும். மிஷினில் அரை அங்குலம் போனால் இத்தனையும் போச்சு.

தேதி கிழிந்த இதழ்களை நீங்களே வரிசைப்படுத்திக் கொடுங்கள், கடையில் செய்ய மாட்டார்கள். முகவரியில் சேலம் மாவட்டம் என்றிருந்தால் அது தருமபுரி தனி மாவட்டமான 2.10.1965க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருந்தால் 9.2.2004க்குப் பிந்தையது. துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். ஆனால் ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, அதை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்கேனைக் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 400 டிபிஐ, கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மஞ்சளித்த தாள் கறையாக விழுந்து எழுத்தை மறைக்கும். துருப்பிடித்த பின்களையும் முன்னதாகக் கழற்றுங்கள், துரு தாளை அரித்துவிடும்.

தையல் நடு மடிப்பில்தான் போட வேண்டும். பக்கவாட்டில் குத்தித் தைத்தால் உள் பத்தியின் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். கிழிசலுக்குக் கடையில் செல்லோடேப் ஒட்டுகிறார்கள். அதன் பசை பழுப்பேறிக் கறையாகும். மெல்லிய டிஷ்யூவும் வெறும் மைதாப் பசையும் போதும். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலந்த பசை பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் தாமிரம் தாளை நொறுங்க வைக்கும். அது அட்டையோடு நிற்கட்டும்.

நான்கு பக்க இதழ் என்றால் 52 வாரமும் ஒரே கட்டில் அடங்கும். எட்டுப் பக்கமானால் ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் கொடுக்க வேண்டாம், பசை காயாமல் அட்டை வளையும். வாங்கும்போது ஒவ்வொரு இதழின் மேல் ஓரத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.