டைம் அண்ட் டேட் டாட் காம்: ஆச்சியின் ஞாயிற்றுக்கிழமை போனுக்காகப் பிடித்த தளம்

அண்ணனும் மைனியும் டொரண்டோவில், தங்கச்சி துபாயில், ஆச்சியும் நானும் பாளையங்கோட்டையில். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் கூடுவது வழக்கம். நமக்கு ஏழு என்றால் துபாயில் ஐந்தரை, வருஷம் முழுக்க அதேதான். டொரண்டோவில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புவார்கள் என்பது எனக்கு நினைவில் இல்லை. நான் வைத்திருந்த ஆப் (பேர் வேண்டாம்) ஊரைக் கேட்காது, எத்தனை மணி வித்தியாசம் என்றுதான் கேட்கும். ஒன்பதரை என்று எப்போதோ போட்டது அப்படியே கிடந்தது. அண்ணன் வழக்கம்போல அவன் ஒன்பதரைக்கு வந்தான், இங்கே மணி எட்டு. சேலை மாற்றி ஏழிலிருந்து உட்கார்ந்திருந்த ஆச்சி, "ஏல, உங்க அண்ணன் மறந்துட்டானோ?" என்று கேட்டுவிட்டு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள்.

அப்புறம்தான் இந்தத் தளத்துக்கு வந்தேன். இதிலுள்ள மீட்டிங் பிளானர் ஊரையும் தேதியையும் கேட்கிறது, அதுதான் சங்கதியே. ஊருக்கு ஒரு பத்தியாக மணிகளை நிறம் போட்டுக் காட்டும், தூங்கும் நேரம் சிவப்பு. மார்ச்சில் டொரண்டோ இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடும், லண்டன் கடைசி ஞாயிறு வரை பொறுக்கும். அந்த இடைப்பட்ட வாரங்களில் மனக்கணக்கு போட்டு லண்டன், டொரண்டோ இரண்டையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்துப் பாருங்கள், யாராவது ஒருவர் காத்துக்கிடப்பார். மணிக்குப் பக்கத்தில் ஐ.எஸ்.டி. (IST) என்று மூன்றெழுத்து போட்டு வரும் கூட்ட அழைப்பையும் நான் இப்போது நம்புவதில்லை, இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் அதே எழுத்துதான்.

ஆப் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாடு எப்போது நேரத்தை மாற்றியது என்ற முழு விவரமும் டைம் ஜோன் டேட்டாபேஸ் என்று இலவசமாகவே கிடைக்கிறது, தன்னார்வலர்கள் பல வருஷமாகத் திருத்தி வருகிறார்கள், 2011 முதல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பு அதை வைத்துக் காக்கிறது. இலங்கை 1996-ல் நேரத்தை மாற்றி 2006-ல் நம்முடைய நேரத்துக்கே திரும்பி வந்ததுகூட அதில் இருக்கிறது. கையில் இருப்பதை எடுத்துப் போடாமல் பயனரிடம் வித்தியாசம் கேட்பது சோம்பேறித்தனம். அந்தப் பட்டியலில் நமக்குப் பேர் "ஆசியா/கொல்கத்தா". நெல்லைச் சூரியன் அதற்கும் கட்டுப்படாது: இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகை 82.5 பாகை, நாம் 77.7-ல் இருக்கிறோம், ஆகவே இங்கே உச்சிவெயில் சராசரியாகப் பன்னிரண்டு மணி தாண்டிப் பத்தொன்பது நிமிஷம் கழித்துத்தான்.

குறை என்றால் விளம்பரம் கொஞ்சம் அதிகம், தமிழ் கிடையாது. ஆச்சிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, நிறம் தெரிகிறது. போன வாரம் போனை நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "செவப்பு இல்லலா, அடில போனை" என்றாள்.