பாடநூலிலிருந்தா, ஊரிலிருந்தா?

சமூக அறிவியல் நடத்த எங்கள் நீலகிரியில் ஆசிரியர்கள் இரண்டு வழிகளில் போகிறோம். பாடநூலின் வரிசைப்படியே நடத்திச் செல்வது ஒன்று. பிள்ளைகளின் ஊரில் தொடங்கிப் பாடநூலுக்குள் நுழைவது மற்றொன்று. குன்னூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். எது மேல் என்பது வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஊர்தான். எனக்கு இதில் ஐயமே இல்லை. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், உதகை 2,200 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினால் அவை வெறும் எண்கள். "மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது எங்கே காது அடைத்தது? எங்கே ஸ்வெட்டர் போட்டீர்கள்?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கிறது. பர்லியாறில் பாக்கும் பலாவும், குன்னூர் வந்தால் தேயிலை என்று அவர்களே அடுக்குகிறார்கள். பின்னாளில் சம உயரக் கோடுகள் பாடம் வரும்போது இந்தப் பேச்சு கைகொடுக்கிறது.

ஆறு முதல் எட்டு வரை, குறிப்பாக வரலாற்றில், ஊர் வழி இடறுகிறது. ஊர் வரலாறு என்றதும் பலரும் 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்தே தொடங்குகிறோம். தோடர், கோத்தர், குறும்பர், படகர் எல்லாம் அவருக்காகக் காத்திருந்தவர்கள் போலாகிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி நடத்துவது பெரிய அநீதி. இங்கே பாடநூல்தான் காப்பாற்றுகிறது: எழுத்து மட்டும் சான்றல்ல, தொல்பொருளும் சான்று என்று அது முதலிலேயே சொல்லிவிடுகிறது. அதைப் படித்த பிறகு மலைமுகடுகளில் கிடக்கும் பழங்கால ஈமச்சின்னங்களான கல்வட்டங்களைக் காட்டினால், அவற்றைத் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று சொன்னால், மாணவர் கேட்கும் கேள்விகளின் தரமே வேறு.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது. பாடநூல் வழியில் ஒரே பாடவேளையில் முடிவது ஊர் வழியில் மூன்று பாடவேளை கேட்கும். அதனால் எல்லாப் பாடத்துக்கும் அதைச் செய்ய முடியாது. செய்யச் சொல்லவும் மாட்டேன். இந்தியாவின் வெளியுறவு பற்றிய பாடத்துக்கு மட்டும் அந்த மூன்று பாடவேளையை ஒதுக்கிவிடுவேன். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. இதை வரிசைப்படி நடத்திய ஆண்டில் பிள்ளைகள் ஆண்டையும் எண்ணையும் அடிக்கோடிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு, வீட்டில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு மாணவி பாட்டியின் பழைய காகிதம் ஒன்றை பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்புறம் சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்த கதையை அவளே வகுப்புக்குச் சொன்னாள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது என்று நான் சேர்த்துக்கொண்டேன். "பாட்டி கண்டியில்தான் பிறந்தார். அப்புறம் எப்படி டீச்சர் 'திரும்பி' வந்ததாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். குடியுரிமைப் பாடத்தை அன்று அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.