கல்லடியில் ஒரு சின்ன கிளஸ்டர்: எம்பிஐ பாவித்த அனுபவம்

மட்டக்களப்பு வாவியில் வெள்ளம் ஏறி இறங்குவதைக் கணிக்கும் மாதிரி ஒன்றுக்காக, நாலு பழைய டெஸ்க்டாப்புகளை கிகாபிட் சுவிட்ச் ஒன்றில் கோர்த்து, அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஒரே கணக்கைச் சேர்ந்து செய்ய உதவும் ஓப்பன் எம்பிஐ என்ற மென்பொருளைப் போட்டுப் பல வருடமாகப் பாவித்து வருகிறேன். இப்படி ஒன்று கட்ட நினைப்பவர்கள் புரொசசரைப் பார்த்தே காசை எண்ணுகிறார்கள். நேரத்தைத் தின்பது பெட்டிகள் தங்களுக்குள் பேசும் பேச்சுத்தான்.

வாவியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அதைக் கீலம் கீலமாக வெட்டி ஒவ்வொரு கணினிக்கும் பங்கு கொடுத்திருக்கிறேன். மாதிரி நேரத்தில் ஒவ்வொரு படி முன்னேறும்போதும் கீலத்தின் ஓரத்து வரிசைக் கட்டங்களின் விவரம் பக்கத்துக் கணினிக்குப் போக வேண்டும். கிகாபிட்டில் செக்கனுக்கு 125 மெகாபைட் வரை போகலாம், அதில் குறையில்லை. ஆனால் எவ்வளவு சின்னச் செய்தியும் போய்ச்சேரப் பல பத்து மைக்ரோசெக்கன் பிடிக்கும். பெரிய கிளஸ்டர்களில் போடும் இன்ஃபினிபேண்ட் என்ற வேகமான இணைப்பில் அது ஒன்றிரண்டுதான். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நீரின் ஆழம், இரு திசை வேகம் ஆகிய மூன்றையும் ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பத் தொடங்கியதும் வந்த வேகம், ராம் கூட்டியபோதுகூட வரவில்லை.

இன்னொன்று, இரு பக்கமும் முதலில் சென்ட் (அனுப்பு), பிறகு ரிசீவ் (வாங்கு) என்று எழுதிய நிரல் கட்டங்கள் குறைந்த சின்ன மாதிரியில் அழகாக ஓடும். சாதாரண நெட்வொர்க்கில் பாவிக்கும் டிசிபி வழியில் ஏறத்தாழ 64 கிலோபைட் வரையான செய்தியை ஓப்பன் எம்பிஐ கேட்காமலே தள்ளிவிடும். அதைத் தாண்டினால், வாங்க ஆள் தயாரா என்று பார்த்துத்தான் அனுப்பும். இரண்டு பேரும் சென்ட்டிலேயே நின்றால் அவ்வளவுதான், விடியும்வரை அப்படியே நிற்கும். பிழைச் செய்திகூட வராது. காத்து நிற்காமல் அனுப்பவும் வாங்கவும் தொடங்கிவைக்கும் ஐசென்ட், ஐரிசீவ் போட்டுவிட்டு உட்புறக் கட்டங்களைக் கணக்கிட்டு, முடிவில் எல்லாம் போய்ச்சேரும்வரை காக்கும் வெயிட்ஆல் வைப்பதே நல்லது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விசயம். உப்புக்காற்றில் கேபிள் முனை அரித்தால் பல வேளைகளில் இணைப்பு அறுந்துபோகாது. வேகம் 1000 மெகாபிட்டில் இருந்து 100க்கு இறங்கிவிடும். கிகாபிட்டுக்கு நாலு சோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு போதும். ஒரு கணினி மெதுவானால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்துக்கிடக்கும். சுவிட்சில் அந்த போர்ட்டின் விளக்கு நிறம் மாறியிருந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள்.

சின்ன மாதிரிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை, பல கோர் உள்ள ஒரே கணினி இதை முந்திவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை நுண்ணிய கட்டத்தில் திரும்ப ஓட்டிப் பார்ப்பது போன்ற வேலைக்குத்தான் இதை வைத்திருக்கிறேன். அப்புறம், சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் போய் ஒரு கணினி விழுந்தாலே முழு ஓட்டமும் நின்றுவிடும், ஆகவே இடையிடையே கணக்கின் அப்போதைய நிலையை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வையுங்கள்.