வாய்ப்புண்ணும் அன்னாசியும்: கெனகார்ட் ஓரல் பேஸ்ட் எப்படி?

வாய்ப்புண்ணுக்கு மருந்துக்கடையில் பெரும்பாலும் இரண்டு வகை ட்யூப் கிடைக்கும். ஒன்று, வலியை மரத்துப்போக வைக்கும் ஜெல். இன்னொன்று, புண்மேல் ஒட்டிக்கொண்டு வீக்கத்தைத் தணிக்கும் பேஸ்ட். கெனகார்ட் இரண்டாவது வகை. இதில் இருப்பது ட்ரையாம்சினலோன் 0.1%, அதாவது 1 கிராமில் 1 மில்லிகிராம். ஸ்டீராய்டு என்பதால் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது.

இதன் பலம் களிம்பில்தான். அதிலுள்ள ஜெலட்டினும் பெக்டினும் ஈரத்தை இழுத்து, புண்மேல் வழவழப்பான படலமாகிவிடும். ஆனால் பூசும் விதம் தெரியாவிட்டால் காசு வீண். முதலில் சுத்தமான துணியால் புண்ணை ஒற்றி எச்சிலை எடுங்கள். அரை சென்டிமீட்டர் அளவு பேஸ்டைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, புண்மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மணல் மணலாக உதிர்ந்து வாய் முழுக்க நறநறக்கும். ‘ஒட்டவே மாட்டேங்குது’ என்கிற புகாருக்கு வழக்கமான காரணம் இதுதான்.

இன்னொரு தவறு, ஆரஞ்சோ அன்னாசியோ சாப்பிடுமுன் காப்புக்காகப் பூசிக்கொள்வது. மெல்லும்போது நாக்கும் பழத்தின் நாரும் உரசி அதை வழித்துவிடும். மருந்து வயிற்றுக்குப் போகும், புண் எரியும். சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகு பூசுங்கள். படுக்கப்போகுமுன் பூசுவது இன்னும் நல்லது. தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், படலம் கலையாமல் நிற்கும்.

அன்னாசியைப் புண் ஆறும்வரை விட்டுவிடுவதே மேல். புளிப்பு போதாதென்று புரதத்தைச் சிதைக்கும் புரோமெலைன் நொதியும் அதில் இருக்கிறது. புண்ணில்லாத நாக்கையே அரிக்க வைக்கும். வேகவைத்தால் நொதி செத்துவிடும், புளிப்பு போகாது. ஆகவே அன்னாசி கேசரியும் கொஞ்சம் சுள்ளென்னும். (மிளகாய்த்தூள் தூவிய வண்டிக்கடைத் துண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.) எலுமிச்சை ஜூஸில் சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் அமிலம் அப்படியேதான் இருக்கும். பழம் வேண்டுமென்றால் வாழை, சப்போட்டா, நன்கு பழுத்த பப்பாளி, தர்பூசணி.

குறை என்றால், உடனடி நிம்மதி கிடைக்காது; இது மரத்துப்போக வைக்கும் மருந்தல்ல. பூஞ்சையால் வரும் வெள்ளைப் படிவுக்கும், அக்கியைப் போன்ற வைரஸ் கொப்புளத்துக்கும் இதைப் பூசக் கூடாது, தொற்று கூடிவிடும். 7 நாளில் குறையவில்லை என்றால் பேஸ்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 3 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை, வலி இல்லாவிட்டாலும், பரிசோதித்தே ஆகவேண்டும்.