ப்ளிமத் ஸ்மீட்டன் டவர்: 93 படி, சிவில்காரங்க ஒரு தடவையாவது ஏறணும்

இங்கிலாந்துல ப்ளிமத் பக்கம் போனீங்கன்னா ஹோ மேட்டுல சிவப்பு வெள்ளை பட்டை போட்டு நிக்குற பழைய லைட்ஹவுஸை விட்டுடாதீங்க. உள்ள 93 படி, மேல போகப் போக அது படியே இல்ல ஏணிதான், தரையில இருக்கற ஓட்டைல தலையை விட்டு ஏறணும், என் தொப்பைக்கு ஒரு இடத்துல மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. முட்டிவலிக்காரங்க கீழயே நின்னு போட்டோ எடுத்துக்கோங்க.

இது முதல்ல இருந்தது கடலுக்குள்ள, எடிஸ்டோன் பாறை மேல. அங்க முன்னாடி நின்னதுல ஒண்ணு 1703 புயல்ல கட்டினவரோட சேர்ந்து போச்சு, அடுத்தது 1755ல எரிஞ்சுது. அப்புறம் ஜான் ஸ்மீட்டன் வந்து, தச்சன் மரத்துல மூட்டுப் போடற மாதிரி கல்லை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து 1759ல முடிச்சாரு. தண்ணிக்குள்ளயும் இறுகற சுண்ணாம்பு எதுன்னு ஊர் ஊரா கல்லு வாங்கி டெஸ்ட் பண்ணி, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லுதான்னு புடிச்சதும் இவருதான்.

இத்தனைக்கும் ஆளு இன்ஜினியரிங் படிக்கல, அங்க அப்ப அப்படி ஒரு படிப்பே கிடையாது. அப்பா வக்கீலாக்கப் பாத்தாரு, இவரு கருவி செய்யற தொழிலுக்குப் போயிட்டாரு. அந்தக் காலத்துல இன்ஜினியர்னா பட்டாளத்துல கோட்டை கட்டற ஆளு, ஊருக்குள்ள பாலம், மில்லு எல்லாம் கொத்தனாரும் தச்சனும் பாத்துக்கிட்டாங்க. கால்வாய், துறைமுகம்னு வேலை குவிய ஆரம்பிச்சதும் இடத்தைப் பாத்து ரிப்போர்ட், டிராயிங் குடுக்க தனியா ஒருத்தன் தேவைப்பட்டான், ஸ்மீட்டன் அதுக்கு ஃபீஸ் வாங்கினாரு, அதாவது இன்னிக்கு நாம சொல்ற கன்சல்டன்ட். பட்டாளத்து ஆளு இல்லன்னு காட்டத்தான் 'இன்ஜினியர்'ங்கற பேருக்கு முன்னாடி அந்த 'சிவில்'. 1771ல லண்டன்ல ஒரு சாராயக்கடையில கூடி சங்கம் வச்சாங்க (நம்ம ஆளுங்க மீட்டிங் இன்னமும் அப்படித்தான் முடியுது). 1818ல இளவட்டங்க தனியா இன்ஸ்டிடியூஷன் ஆரம்பிச்சு, ரோடு, பாலம் கட்டி பேர் வாங்கின தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக்கி, 1828ல ராஜா கையால சாசனமே வாங்கிட்டாங்க. மெக்கானிக்கல்காரங்க 1847ல பர்மிங்காம்ல தனிக்கடை போட்டாங்க.

சரி, டவர் ஏன் கரைக்கு வந்துச்சு? கட்டடம் கிண்ணுன்னு இருந்துச்சு, அடியில பாறையைத்தான் அலை அரிச்சிடுச்சு. பக்கத்துல புதுசு கட்டி 1882ல விளக்கேத்தினப்புறம், இதோட மேல்பாகத்தை மட்டும் பிரிச்சுக் கொண்டாந்து இங்க நிறுத்தினாங்க, அடிக்கட்டை இன்னும் கடல்லயே நிக்குது. இதை வீட்டம்மாகிட்ட பெருமையா சொல்லிட்டு இருந்தேன், "பில்டிங் நல்லாத்தான் சார் இருக்கு, பூமிதான் சரியில்லன்னு நீங்க சைட்ல அடிக்கடி சொல்றது இதுதானா"ன்னாங்க.